907 ஆட்டங்கள் காத்திருந்த தடுப்பாட்டக்காரர்

ரான் ஹெயின்சி, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் போல்டன் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஐஸ் ஹாக்கி வீரர். 1981 மார்ச் 24-ஆம் தேதி பிறந்தவர். உலகின் முதன்மையான ஐஸ் ஹாக்கிப் போட்டித் தொடரான என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீக்கில் அவர் ஆடியவை 1,132 ஆட்டங்கள். 1917-இல் தொடங்கிய அந்த லீக்கின் வரலாற்றில் ஆயிரம் ஆட்டங்களைத் தாண்டியவர்கள் சில நூறு பேர்தான். அந்தச் சிறிய கூட்டத்தில் இடம்பிடித்தும் நட்சத்திர வீரராக அவர் அறியப்பட்டதில்லை. மான்ட்ரியால், கொலம்பஸ், அட்லாண்டா, வின்னிபெக், கரோலினா, பிட்ஸ்பர்க், டொராண்டோ, ஒட்டாவா என எட்டு இடங்களில் வேலை செய்து, ஒவ்வோரிடத்திலும் சொன்ன வேலையைச் சரியாக முடித்துக் கொடுத்தவர் அவர்.

இப்படிப்பட்ட வீரரை வட அமெரிக்காவில் 'ஜர்னிமேன்' என்பார்கள். பயணத்தைக் குறிப்பதுபோல் ஒலித்தாலும், அந்தச் சொல் நாட்கூலியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பட்டறையில் தொழில் பயின்று முடித்து, சொந்தப் பட்டறை இல்லாமல், அழைத்த இடத்தில் நாட்கூலிக்கு வேலை செய்த கைவினைஞருக்கு ஐரோப்பாவில் அந்தப் பெயர் இருந்தது. தொழில் தெரிந்தவர், ஆனால் ஓரிடத்துக்கு உரியவர் அல்லர் என்பதே அதன் பொருள். விளையாட்டில் இந்தச் சொல்லைச் சிலர் சற்று இளக்காரமாகவும் பயன்படுத்துவதுண்டு. ஹெயின்சியின் இருபது ஆண்டுக் கதையைப் பார்த்தால் அந்த இளக்காரத்துக்கு இடமில்லை என்பது விளங்கும்.

தடுப்பாட்டக்காரரின் வேலை

என்.எச்.எல். ஆட்டக்களம் 61 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் கொண்ட உறைபனித் தளம். ஒவ்வோர் அணியிலும் ஒரு கோல்காப்பாளர், மூன்று முன்னாட்டக்காரர்கள், இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் என ஆறு பேர் களத்தில் இருப்பார்கள். பந்துக்குப் பதில் 'பக்' எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு. சுமார் 170 கிராம் எடையுள்ள அந்த வட்டு, வலிமையான வீரர் ஓங்கி அடித்தால் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும். இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடக்கும். முழு வேகத்தில் சறுக்கி ஆடும் ஆட்டம் என்பதால் யாராலும் தொடர்ந்து களத்தில் நிற்க முடியாது. ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஆடிவிட்டு வெளியே வந்து அமர்வதும், அடுத்தவர் உள்ளே குதிப்பதும் ஆட்டம் முழுக்க நடந்துகொண்டே இருக்கும்.

ஓர் அணி பொதுவாகப் பன்னிரண்டு முன்னாட்டக்காரர்களையும் ஆறு தடுப்பாட்டக்காரர்களையும் இறக்கும். தடுப்பாட்டக்காரர்கள் மூன்று ஜோடிகள் மட்டுமே இருப்பதால் ஒவ்வொருவரின் சுமையும் கூடுதல். தன்னை நோக்கிப் பாய்ந்து வரும் எதிரணி வீரரைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்கி, அவரை ஓரத்துக்குத் தள்ளி, கோலுக்கு நேரான பாதையை அடைப்பது அவர்களின் முதல் வேலை. கோல்காப்பாளரின் பார்வையை மறைத்து நிற்பவர்களை அகற்ற வேண்டும். மூலைக்குச் சென்ற பக்கை, முதுகில் மோத வருபவரைப் பொருட்படுத்தாமல் எடுத்து, சக வீரரிடம் சேர்க்க வேண்டும். அடிக்கப்பட்ட பக்கின் குறுக்கே உடம்பைக் கொடுத்துத் தடுப்பதும் அந்த வேலையில் அடக்கம். சக வீரர் தவறு செய்து இரண்டு நிமிடங்கள் வெளியே அனுப்பப்பட்டால், கோல்காப்பாளர் நீங்கலாக நான்கு பேராக நின்று ஐந்து பேரைச் சமாளிக்க வேண்டும். அந்த இக்கட்டான நேரத்தில்தான் அனுபவமுள்ள தடுப்பாட்டக்காரரைப் பயிற்சியாளர் தேடுவார்.

இந்த வேலைகளில் பெரும்பாலானவை ஸ்கோர் பலகையில் ஏறுவதில்லை. கோல் அடித்தவர் பெயரும், அதற்குப் பக்கைக் கொடுத்து உதவியவர் பெயரும் பதிவாகும். விழாமல் போன கோலுக்குக் காரணமானவர் பெயர் எங்கும் எழுதப்படாது. அதனால் இத்தகைய தடுப்பாட்டக்காரரின் மதிப்பு ரசிகர்களைவிடப் பயிற்சியாளர்களுக்கும் கூட ஆடுபவர்களுக்குமே நன்றாகத் தெரியும். ஹெயின்சியின் வாழ்க்கைப் பாதையில் முக்கியமான திருப்பங்கள் பலவும் அவரை அருகிலிருந்து பார்த்தவர்களால் வந்தவை.

முதல் சுற்றுத் தேர்வும் நீண்ட காத்திருப்பும்

போல்டன், கனெக்டிகட்டின் தலைநகரமான ஹார்ட்ஃபோர்டுக்கு அருகில் உள்ளது. ஹெயின்சியின் சிறுவயதில் ஹார்ட்ஃபோர்டு வேலர்ஸ் என்ற என்.எச்.எல். அணி அங்கே இருந்தது. 1997-இல் அந்த அணி தெற்கே வட கரோலினாவுக்குக் குடிபெயர்ந்து, கரோலினா ஹரிக்கேன்ஸ் என்று பெயர் மாறியது. பிற்காலத்தில் ஹெயின்சி அதே அணிக்கு ஆடப்போகிறார் என்பதை அன்று யாரும் நினைத்திருக்க முடியாது.

அவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் லோவெல் வளாக அணியில் கல்லூரி ஹாக்கி ஆடினார். 191 சென்டிமீட்டர் உயரம், சரளமான சறுக்கல், இடக்கை ஆட்டம். இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வை 'டிராஃப்ட்' என்பார்கள். 2000-ஆம் ஆண்டு டிராஃப்டில் மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணி அவரை முதல் சுற்றில், 13-ஆவது வீரராகத் தேர்ந்தெடுத்தது. என்.எச்.எல்.லிலேயே அதிகமுறை கோப்பை வென்ற அணி அது. முதல் சுற்றில் எடுக்கப்படும் தடுப்பாட்டக்காரர் மீது ஊரே நம்பிக்கை வைக்கும்.

ஆனால் தடுப்பாட்டக்காரர்கள் முதிர நாளாகும். முன்னாட்டக்காரர் செய்யும் பிழையைத் திருத்தப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். தடுப்பாட்டக்காரர் பிழை செய்தால் அவருக்குப் பின்னால் கோல்காப்பாளர் மட்டுமே. எனவே அணிகள் அவர்களை ஒரு படி கீழே உள்ள அமெரிக்க ஹாக்கி லீக்கில் ஆடவைத்துப் பழக்கும். ஹெயின்சி அங்கே முதலில் கியூபெக் நகர அணியிலும் பிறகு ஹாமில்டன் அணியிலும் ஆடினார். 2002-03 பருவத்தில் மான்ட்ரியாலுக்காக என்.எச்.எல்.லில் 21 ஆட்டங்கள், அடுத்த பருவத்தில் 11 ஆட்டங்கள். மேலே அழைப்பதும் திரும்பக் கீழே அனுப்புவதுமாகக் காலம் கழிந்தது.

2004-05 பருவத்தில் அணி உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையே ஊதியத் தகராறு முற்றி, கதவடைப்பு ஏற்பட்டது. என்.எச்.எல். பருவம் முழுவதும் ரத்தானது. ஹெயின்சி அந்த ஆண்டையும் ஹாமில்டனில் கழித்தார். தகராறு தீர்ந்து லீக் திரும்பியபோது, ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடும் மொத்த ஊதியத்துக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டிருந்தது. நடுத்தர நிலை வீரர்களின் வாழ்க்கையை அந்த விதி ஆழமாகப் பாதித்தது. நட்சத்திரங்களுக்குப் பெருந்தொகை கொடுத்தபின் மிஞ்சுவதில்தான் மற்றவர்களுக்கு. அந்த மற்றவர்களை ஒப்பந்தம் முடிந்ததும் விட்டுவிடுவதும், வேறு அணியிலிருந்து ஒருவரைக் கொண்டுவருவதும் அணிகளுக்கு வழக்கமாயிற்று. ஊர் மாறி ஊர் ஆடும் வீரர்கள் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொலம்பஸ், அட்லாண்டா, வின்னிபெக்

என்.எச்.எல்.லில் 'வேவர்' என்றொரு முறை உண்டு. குறிப்பிட்ட அனுபவம் பெற்ற வீரரைத் தன் விருப்பப்படி கீழ் லீக்குக்கு நகர்த்த ஓர் அணியால் முடியாது. முதலில் அவர் பெயரை மற்ற அணிகள் எல்லாவற்றுக்கும் அறிவிக்க வேண்டும். விரும்பும் அணி, பதிலுக்கு எந்த வீரரையும் தராமல், அவரது ஒப்பந்தத்தை ஏற்று அழைத்துக்கொள்ளலாம். 2005 நவம்பர் 29-ஆம் தேதி ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸ் அணி ஹெயின்சியை இப்படித்தான் எடுத்துக்கொண்டது. ஐந்தாண்டுகளுக்கு முன் முதல் சுற்றில் தேர்வான வீரர், எந்த ஈடும் இல்லாமல் கைமாறினார்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சரிவு. உண்மையில் அவரது தொழில்வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது. கொலம்பஸ் 2000-இல்தான் லீக்கில் சேர்ந்த இளம் அணி. அங்கே அவருக்கு இடமும் இருந்தது, களத்தில் நேரமும் கிடைத்தது. கீழ் லீக்குக்கும் மேல் லீக்குக்கும் இடையிலான அலைச்சல் முடிந்து, நிரந்தர என்.எச்.எல். வீரரானார்.

2008 கோடையில் அட்லாண்டா திராஷர்ஸ் அணி அவருக்கு ஐந்தாண்டுகளுக்கு 2 கோடியே 25 லட்சம் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அங்கே ஆடிய முதல் பருவத்தில் கோல்களும் உதவிகளும் சேர்த்து 39 புள்ளிகள் எடுத்தார். தாக்குதலிலும் பங்கேற்கக்கூடிய தடுப்பாட்டக்காரர் என்ற பெயர் கிடைத்தது.

ஆனால் அட்லாண்டாவில் ஐஸ் ஹாக்கி வேரூன்றவில்லை. 2011-இல் அணி விற்கப்பட்டு, கனடாவின் வின்னிபெக் நகருக்கு மாற்றப்பட்டது. 1996-இல் தன் பழைய அணியை இழந்து பதினைந்து ஆண்டுகள் ஏங்கியிருந்த நகரம் அது. ஹெயின்சி அணி மாறவில்லை. அணியே அவரையும் தூக்கிக்கொண்டு ஊர் மாறியது. காலி இருக்கைகளுக்கு முன் ஆடிய அதே வீரர்கள், நிரம்பி வழியும் அரங்கில், பெயர் சொல்லி ஆரவாரிக்கும் கூட்டத்தின் முன் ஆடினார்கள்.

பேச்சுவார்த்தை மேசையில்

2012 செப்டம்பரில் மீண்டும் ஒரு கதவடைப்பு. 2013 ஜனவரி 6-இல் உடன்பாடு எட்டும்வரை நீடித்த அந்தத் தகராறால் 82 ஆட்டங்கள் கொண்ட பருவம் 48 ஆட்டங்களாகச் சுருங்கியது. வீரர்கள் சங்கத்தின் சார்பில் பேச்சுவார்த்தையில் தொடர்ந்து பங்கேற்ற வீரர்களுள் ஹெயின்சி ஒருவர். உரிமையாளர்களின் எதிரே உட்கார்ந்து பேசுவதற்குத் துணிவு மட்டும் போதாது. வருவாய்ப் பங்கீடு, ஓய்வூதியம், ஒப்பந்தக் கால வரம்பு ஆகியவற்றின் நுணுக்கங்களைப் படித்துத் தெரிந்திருக்க வேண்டும். வேவரில் கைமாறி, கீழ் லீக்கில் பேருந்துப் பயணம் செய்து, பெரிய ஒப்பந்தமும் கண்ட ஒருவருக்கு அந்த விதிகள் ஒவ்வொன்றும் மனிதரை என்ன செய்யும் என்பது அனுபவத்தில் தெரிந்திருந்தது.

2013 கோடையில் அவரது ஒப்பந்தம் முடிந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர்களை அணிகள் எடுத்துக்கொள்ளும் சந்தை ஜூலையில் திறந்தது. வாரங்கள் கழிந்தன. செப்டம்பரில், பயிற்சி முகாம்கள் தொடங்கும் நேரத்தில்தான், கரோலினா ஹரிக்கேன்ஸ் அவரை ஓராண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு எடுத்தது. அவர் பிறந்த ஊர்ப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்து போன அதே அணி. அந்த ஓராண்டில் அவர் காட்டிய உழைப்பைப் பார்த்து, 2014-இல் மேலும் மூன்றாண்டுகளுக்கு 85 லட்சம் டாலர் ஒப்பந்தம் கொடுத்தார்கள். இளம் தடுப்பாட்டக்காரர்கள் நிறைந்த அந்த அணியில் அவர் மூத்தவராக இருந்தார்.

திறக்காத கதவு

என்.எச்.எல்.லின் பருவ ஆட்டங்கள் எல்லாம் ஒருவகையில் முன்னோட்டம்தான். அவற்றில் சிறந்து நிற்கும் 16 அணிகள் பிளே-ஆஃப் கட்டத்துக்குச் செல்லும். நான்கு சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் ஏழு ஆட்டங்களில் முதலில் நான்கை வெல்லும் அணி முன்னேறும். பதினாறு வெற்றிகள் பெறும் அணிக்கு ஸ்டான்லி கோப்பை. சிறுவயதில் உறைந்த குளத்தில் ஆடும்போதே வீரர்கள் கனவு காண்பது அந்தக் கோப்பையைத்தான்.

ஹெயின்சி பருவத்துக்குப் பின் பருவமாக ஆடினார். பிளே-ஆஃபில் ஓர் ஆட்டம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. அது நேர்ந்த விதத்தைப் பார்த்தால் மனம் கனக்கும். அவர் கொலம்பஸைவிட்டு 2008-இல் போனார். கொலம்பஸ் தன் வரலாற்றில் முதன்முறையாக பிளே-ஆஃபை எட்டியது 2009-இல். அட்லாண்டா தன் ஒரே பிளே-ஆஃப் தொடரை ஆடியது 2007-இல், அவர் வருவதற்கு முந்தைய ஆண்டு. 2013-இல் வின்னிபெக்கைவிட்டு அவர் விலகிய இரண்டாவது ஆண்டில், 2015-இல், அந்த அணி பிளே-ஆஃபுக்குத் தகுதி பெற்றது. கரோலினா 2009-இல் பிளே-ஆஃப் ஆடியபின், 2019 வரை அந்தப் பக்கம் போகவே இல்லை. ஹெயின்சி அங்கே இருந்த காலம் முழுவதும் அந்த வறட்சிக்குள் அடங்கிவிட்டது. அவர் வரும்முன் திறந்திருந்த கதவு, அவர் போனபின் திறந்த கதவு, அவர் இருக்கும்போது மட்டும் மூடியே கிடந்தது.

பதினொரு பேர் கொண்ட ஆட்டமானாலும் ஆறு பேர் கொண்ட ஆட்டமானாலும், தனி ஒருவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அணியின் விதி அவர் கையில் மட்டும் இருப்பதில்லை. ஆண்டுக்கு 82 இரவுகள், ஏப்ரலில் அணி வீட்டுக்குத் திரும்பிவிடும் என்று தெரிந்தும், மார்ச் மாத ஆட்டத்தில் பறந்து வரும் பக்கின் குறுக்கே விழுந்து தடுப்பதற்கு ஓர் ஒழுக்கம் வேண்டும். ஹெயின்சியைத் தொடர்ந்து வேலையில் வைத்திருந்தது அந்த ஒழுக்கம்.

பிட்ஸ்பர்க்: 2017

2017 பிப்ரவரியில் நடப்புச் சாம்பியனான பிட்ஸ்பர்க் பெங்குயின்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரர்கள் பலர் அடுத்தடுத்துக் காயம்பட்டார்கள். அணியின் பொது மேலாளர் ஜிம் ரதர்ஃபோர்டு. 2013-இல் கரோலினாவின் பொது மேலாளராக இருந்து, வேலையில்லாமல் காத்திருந்த ஹெயின்சியை எடுத்தவரும் அவரேதான். பிப்ரவரி 23-ஆம் தேதி, வரவிருக்கும் டிராஃப்டில் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் கீழ் லீக்கில் ஆடிவந்த டேனி கிறிஸ்டோ என்ற முன்னாட்டக்காரரையும் கொடுத்து, ஹெயின்சியை வாங்கினார். அப்போது ஹெயின்சிக்கு வயது 35.

மூன்றாவது ஜோடியில் ஓர் ஆளாக இருப்பார் என்ற அளவில்தான் பலரின் எதிர்பார்ப்பு இருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் அணியின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரரான கிறிஸ் லெட்டாங்குக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை தேவை, பிளே-ஆஃபில் ஆட முடியாது என்று தெரியவந்தது. பயிற்சியாளர் மைக் சல்லிவன், ஹெயின்சியை பிரையன் டுமூலினுடன் இணைத்து, எதிரணியின் முதன்மை வீரர்களைச் சமாளிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். இருவரும் இடக்கை ஆட்டக்காரர்கள் என்பதால் ஹெயின்சி வலப்பக்கம் ஆட வேண்டியிருந்தது. மட்டையின் பின்புறத்தால் பக்கை ஏற்க நேரும் சங்கடமான இடம் அது.

2017 ஏப்ரல் 12-ஆம் தேதி அவர் தன் முதல் பிளே-ஆஃப் ஆட்டத்தில் இறங்கினார். அதற்கு முன் ஆடிமுடித்திருந்த பருவ ஆட்டங்கள் 907. முதல் பிளே-ஆஃப் ஆட்டத்துக்காக அவ்வளவு ஆட்டங்கள் காத்திருந்த வீரர் அதற்கு முன் லீக்கில் இல்லை. எதிரணி, ஒருகாலத்தில் அவரை வேவரிலிருந்து எடுத்து வாழ்வு கொடுத்த கொலம்பஸ். பிட்ஸ்பர்க் 3-1 என்று வென்றது.

கொலம்பஸை ஐந்து ஆட்டங்களிலும், வாஷிங்டனை ஏழு ஆட்டங்களிலும் பிட்ஸ்பர்க் வீழ்த்தியது. அடுத்து ஒட்டாவாவுடன் ஏழாவது ஆட்டம் இரண்டாவது கூடுதல் நேரம் வரை நீண்டு வெற்றியில் முடிந்தது. இறுதிச் சுற்றில் நாஷ்வில். ஐந்தாவது ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் 6-0 என்று வென்றபோது ஹெயின்சியும் ஒரு கோல் அடித்தார். ஜூன் 11-ஆம் தேதி நாஷ்விலில் நடந்த ஆறாவது ஆட்டத்தில், முடிய ஒன்றரை நிமிடம் இருக்கும்வரை கோலே விழவில்லை. பிட்ஸ்பர்க்கின் பேட்ரிக் ஹோர்ன்க்விஸ்ட் அடித்த கோலும், கடைசி நொடிகளில் காலியான கோலுக்குள் சென்ற இன்னொன்றும் சேர்ந்து 2-0 ஆயிற்று; கோப்பை பிட்ஸ்பர்க்குக்கு. அணி ஆடிய 25 பிளே-ஆஃப் ஆட்டங்களிலும் ஹெயின்சி களத்தில் இருந்தார்.

ஸ்டான்லி கோப்பையை முதலில் அணித்தலைவர் வாங்குவார். அடுத்து யாரிடம் தருவது என்பது அவர் விருப்பம். அது ஒரு மரியாதை. பிட்ஸ்பர்க்கின் அணித்தலைவர் சிட்னி கிராஸ்பி அந்தக் கோப்பையை ஹெயின்சியிடம் முதலில் கொடுத்தார். அணிக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகாதவர். ஆனால் அவர் எவ்வளவு காலம் காத்திருந்தார் என்பது அந்த அணியில் எல்லோருக்கும் தெரியும். வென்ற அணியினரின் பெயர்கள் கோப்பையிலேயே பொறிக்கப்படும். அதற்குப் பருவத்தில் 41 ஆட்டங்களோ, இறுதிச் சுற்றில் ஓர் ஆட்டமோ ஆடியிருக்க வேண்டும். பிட்ஸ்பர்க்கில் பருவ ஆட்டங்கள் 16 மட்டுமே ஆடிய ஹெயின்சி, இறுதிச் சுற்றில் ஆடிய உரிமையால் அந்தப் பெயர் வரிசையில் சேர்ந்தார்.

டொராண்டோ, ஒட்டாவா, சங்க அலுவலகம்

2017 ஜூலை 1-ஆம் தேதி டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அவருடன் இரண்டாண்டுகளுக்கு 60 லட்சம் டாலர் ஒப்பந்தம் செய்தது. அங்கே அவர் மோர்கன் ரைலி என்ற இளைய தடுப்பாட்டக்காரருக்கு ஜோடி. ரைலி முன்னேறித் தாக்கும் இயல்புடையவர். அவர் முன்னே போகும்போது பின்னால் காவலிருக்க நம்பகமான ஒருவர் தேவை. ஹெயின்சி மீண்டும் வலப்பக்கம் நின்று அந்த வேலையைச் செய்தார். நாற்பதை நெருங்கும் வயதில் ஆட்டத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் களத்தில் இருந்தார். ஆள் குறைந்த நேரங்களில் பெரும்பங்கு அவர் தலையில் விழுந்தது. ஆயிரமாவது ஆட்டத்தைக் கடந்ததும் டொராண்டோவில்தான். பதினான்கு ஆண்டுகள் பிளே-ஆஃபே காணாத அவர், இப்போது தொடர்ந்து மூன்றாண்டுகள் அதில் ஆடினார். 2018, 2019 இரண்டு ஆண்டுகளிலும் டொராண்டோ முதல் சுற்றில் பாஸ்டனிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது.

2019-இல் ஒட்டாவா செனட்டர்ஸ் ஓராண்டுக்கு 35 லட்சம் டாலருக்கு அழைத்தது. அங்கே புதிதாகத் தலைமைப் பயிற்சியாளரான டி.ஜே. ஸ்மித், டொராண்டோவில் துணைப் பயிற்சியாளராக இருந்து ஹெயின்சியை நாள்தோறும் பார்த்தவர். அணியைப் புதிதாகக் கட்டும் நேரத்தில் இளைஞர்களுக்கு நடுவே இப்படி ஒருவர் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் லீக் நிறுத்தப்பட்டது. ஒட்டாவாவின் பருவம் அத்துடன் முடிந்தது. ஹெயின்சியின் ஆட்டவாழ்வும் அத்துடன் நின்றது.

2021 ஜனவரியில் அவர் வீரர்கள் சங்கத்தின் ஊழியராகச் சேர்ந்தார். பின்னர் அதன் துணை நிர்வாக இயக்குநர் பொறுப்புக்கு உயர்ந்தார். கதவடைப்புக் காலத்தில் தொடங்கிய ஈடுபாடு முழுநேரப் பணியாயிற்று. என்.எச்.எல். வீரர்களில் பெரும்பாலோர் நட்சத்திரங்கள் அல்லர். ஒப்பந்தம் முடிந்த கோடையில் தொலைபேசி ஒலிக்குமா என்று பார்த்திருப்பவர்கள், பிள்ளைகளின் பள்ளியை மாற்றி மாற்றிக் குடும்பத்தைக் கொண்டுசெல்பவர்கள், காயம் ஒன்று வந்தால் அடுத்த வேலை என்னவாகும் என்று அஞ்சுபவர்கள். அவர்களுக்காகப் பேசும் இடத்தில், அந்த வாழ்க்கையை முழுவதும் வாழ்ந்த ஒருவர் இருக்கிறார்.

ரதர்ஃபோர்டு இரண்டு முறை அழைத்தார். ஸ்மித் தன் புதிய அணிக்கு அழைத்தார். கிராஸ்பி கோப்பையை முதலில் அவர் கையில் கொடுத்தார். இவர்கள் எல்லோரும் அவர் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். புள்ளிவிவரம் பதிவு செய்யாத வேலைக்கும் சாட்சிகள் உண்டு என்பதற்கு அந்த அழைப்புகளே சான்று. நாட்கூலிக்கு வேலை செய்த பழைய கைவினைஞரைப் போலவே, ஒரு பட்டறையில் செய்த நல்ல வேலைதான் அடுத்த பட்டறையின் கதவை ரான் ஹெயின்சிக்கு ஒவ்வொரு முறையும் திறந்துவிட்டது.